மூன்று மழை பார்த்த வேலை: கடலோர வீட்டைப் பழுதுபார்க்க யாரிடம் கொடுப்பது?

எங்கள் வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நடந்தால் ஏழெட்டு நிமிடம். 1987இல் அப்பா கட்டியது. காற்று நன்றாக வருகிறதே என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். அந்தக் காற்றோடு உப்பும் வருகிறது என்பது குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்தால் பழுப்பாக ஒட்டும். மழைக்காலத்தில் பீரோ கதவைத் திறந்தால் துணியெல்லாம் பூசணம் வாடை. அம்மா படுக்கும் அறையில் தலைமாட்டுச் சுவர் ஐப்பசியில் பொரியத் தொடங்கி, தை வரைக்கும் பொடியாக உதிர்ந்துகொண்டிருக்கும். அம்மாவுக்கு இழுப்பு உண்டு. அதனால் அந்தச் சுவர் எனக்கு வெறும் சுவர் இல்லை.

2019இல் ஒரு கான்ட்ராக்டரிடம் மொத்தமாக விட்டோம். பூச்சைக் கொத்தி எடுத்து, வெள்ளையாக ஒரு கெமிக்கலைத் தடவி, திரும்பப் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துப் பன்னிரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். 84,000 ரூபாய் ஆனது. அந்தக் கார்த்திகையிலேயே அதே இடத்தில், அதே உயரத்தில், கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. போன் போட்டால் எடுக்கவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான் சரி. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்கு யாருமே பார்க்கவில்லை, நாங்களும்தான். கறை தெரிந்த இடத்துக்கு வேலை நடந்தது, தண்ணீர் நுழையும் இடத்துக்கு நடக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் போன பிறகு, மாடி பாத்ரூம் கூரையிலிருந்து தட்டு அளவுக்கு ஒரு பாளம் இரவில் விழுந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் 8 எம்எம் கம்பி துருவேறி, உரித்த கரும்புச் சக்கை மாதிரி அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது. இனித் தள்ளிப்போட முடியாது என்று 2024 மாசியில் இறங்கினோம். இந்த முறை நான்கு விதமான ஆட்களைக் கூப்பிட்டு, நான்கு விதமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒப்பீட்டைத்தான் எழுதுகிறேன். சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை கடலோரத்தில் வீடு வைத்திருக்கிற யாருக்கும் இதே கேள்விதான் வரும்.

ஆளைத் தேடுவதற்கு முன்னால்

ஈரம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அது நான்கு வழியாக வரும். மேலே தளத்திலிருந்து இறங்கலாம். கீழே அஸ்திவாரத்திலிருந்து ஏறலாம். அப்படி ஏறும் ஈரம் பெரும்பாலும் தரையிலிருந்து மூன்று அடி, கொஞ்சம் கூடுதலாக, அந்த மட்டத்தில் நின்று உப்புப் பூத்து ஒரு கோடு காட்டும். மூன்றாவது, சுவருக்குள் ஓடும் குழாயோ, பாத்ரூம் தரையில் தண்ணீர் வெளியேறும் ட்ராப்போ கசிவது. மழையே இல்லாத சித்திரையிலும் சுவர் ஈரமாக இருந்தால் முதலில் இதைச் சந்தேகப்பட வேண்டும். நான்காவதுதான் நம் ஊரில் பலரும் கவனிக்காதது: காற்றிலிருக்கும் ஈரமே குளிர்ந்த சுவரில் படிவது. ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறைக்கு அடுத்த அறையில், அந்தப் பொதுச்சுவரை ஒட்டி பீரோவை வைத்திருந்தால், பீரோவின் முதுகுப்பக்கம் பூசணம் பிடிக்கும். அதற்கு வாட்டர்ப்ரூஃபிங் செய்தால் காசுதான் போகும். பீரோவை அரை அடி தள்ளிவைத்து, காற்று போகவிட்டு, ஏசியை 25, 26இல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. தடிமனான பிளாஸ்டிக் தாளில் ஒன்றரை அடிச் சதுரம் வெட்டி, சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். அம்மா அறையில் ஒட்டிப் பார்த்தேன். மறுநாள் காலையில் உள்பக்கம் வியர்த்த கண்ணாடி டம்ளர் போல இருந்தது.

அதோடு நிற்காமல், வேலை எடுத்துச் செய்யாத ஒரு சிவில் இன்ஜினியரைக் கூப்பிட்டு, பார்த்துச் சொல்வதற்கு மட்டும் 6,000 ரூபாய் கொடுத்தேன். வீட்டில் எல்லோரும் வீண்செலவு என்றார்கள். இந்த முழு வேலையிலும் நான் செலவழித்ததில் மிக நன்றாகச் செலவான பணம் அதுதான் என்று இப்போதும் சொல்வேன். அவர் ஒரு சின்னச் சுத்தியலோடு வந்து கூரையை அடிக்கு அடி தட்டிக்கொண்டே போனார். கெட்டியான இடம் கணீரென்று கேட்டது. உள்ளே கம்பி ஊதி கான்கிரீட் விட்டுப்போன இடத்தில் காலித் தகர டப்பா மாதிரி ஒரு சத்தம். அந்த இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். மொட்டை மாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி ஓடவிட்டார். அது குழாய் வாய்க்குப் போகாமல் தென்மேற்கு மூலைக் கைப்பிடிச் சுவரை நோக்கி ஓடி அங்கேயே நின்றது. அதற்கு நேர் கீழே அம்மாவின் அறை. 2019இல் 84,000 செலவு செய்தும் நிற்காத ஈரத்துக்குக் காரணம் ஒரு வாளித் தண்ணீரில் தெரிந்துவிட்டது. மாடியில் வாட்டம், அதாவது தண்ணீர் ஓடிப்போகும் சரிவு, சரியில்லை. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல்.

வேலை எடுக்கிறவரே நோயையும் சொன்னால், தன்னிடம் இருக்கும் மருந்துக்கு ஏற்ற நோயாகத்தான் சொல்வார். அது கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. பெயிண்ட் அடிப்பவர் பெயிண்டில் தீர்வு தேடுவார், கெமிக்கல் கம்பெனிக்காரர் கெமிக்கலில் தேடுவார். அதனால்தான் பார்ப்பவரும் செய்பவரும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன்.

நான்கு வழிகள்

நாள் கூலி, லேபர் கான்ட்ராக்ட், மெட்டீரியலோடு முழு கான்ட்ராக்ட், வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனி. இந்த நான்கிலும் எங்கோ ஓர் இடத்தில் காசு ஒழுகத்தான் செய்யும். அது எங்கே என்று தெரிந்து வைத்துக்கொண்டு ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நாள் கூலியில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கொத்தனார், ஒரு சித்தாள், சாயங்காலம் சம்பளம். கொத்தனார் சம்பளம் எங்கள் பக்கம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு, மூன்று நாளில் முடியும் வேலைக்கு இது போதும்: சன்ஷேடில் விரிசல், இரண்டு டைல் பெயர்ந்தது, ஒரு ஜன்னல் ஓரம். அதற்கு மேல் போனால் நாள் இழுக்கும். அவர் வேண்டுமென்றே இழுக்கிறார் என்றில்லை, முடிக்க அவசரமில்லை, அவ்வளவுதான். நாமே பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தால் மட்டும் இதில் இறங்கலாம். இதில் உள்ள நல்ல விஷயம், ஆட்களுக்கு அவசரமில்லாததால் கலவையும் பூச்சும் நிதானமாக நடக்கும்.

முழு கான்ட்ராக்ட் இதற்கு நேர் எதிர். பொருளும் அவரே, ஆளும் அவரே, தொகை முன்பே பேசியது. நமக்கு அலைச்சல் இல்லை. ஆனால் அவர் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்துதான் வரும். ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் என்று பேசிய கலவை ஒன்றுக்கு ஆறாகும். கெமிக்கலில் தண்ணீர் கூடும். இரண்டு கோட்டு ஒன்றாகும். ஏழு நாள் தண்ணீர் காட்ட வேண்டிய பூச்சுக்கு மூன்று நாளில் பட்டி பார்ப்பார்கள். காய்ந்த ஊரில் இவற்றில் பாதி வெளியே தெரியாமலே போய்விடும். கடலோரத்தில் ஒரே மழையில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

அதற்காக முழு கான்ட்ராக்ட்டே கூடாது என்றில்லை. சமையலறையை மாற்றி அமைப்பது, பாத்ரூமை முழுக்க உடைத்துப் புதிதாகப் போடுவது மாதிரி வேலைகளில் கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன், ஆசாரி, டைல் போடுபவர் என்று ஐந்து பேர் ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும். பிளம்பர் வராமல் டைல்காரர் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தால் அதுவும் நம் செலவு. இந்த ஒருங்கிணைப்பை வேலைக்குப் போகிற ஒருவரால் செய்ய முடியாது. அங்கே முழு கான்ட்ராக்ட்தான் சரி. ஆனால் கொட்டேஷனில் 'பிளைவுட்' என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்காதீர்கள். சிங்க்குக்குக் கீழே வரும் பலகைக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளை என்றும், ஸ்க்ரூவும் கீலும் ஸ்டெயின்லெஸ் என்றும் எழுதி வாங்க வேண்டும். கடலுக்கு எதிரே இருக்கும் பால்கனிக் கைப்பிடிக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் பழுப்புப் புள்ளி விழும், 316 ரகம் கேளுங்கள். சுவரில் ஈரம் ஏறும் வீட்டில் ஒயரிங் செய்யும்போது 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற சுவிட்ச் கட்டாயம். இது பணத்தைப் பற்றியது இல்லை, உயிரைப் பற்றியது. டைல் ஒட்டுவதற்கு முன்னால் பாத்ரூம் தரையில் ஓட்டையை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டு, கீழ் அறைக் கூரையைப் பார்க்க வேண்டும். இதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொன்னால் எந்த கான்ட்ராக்டர் முகம் சுளிக்கிறார், எவர் உடனே சரி என்கிறார் என்று பாருங்கள். பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும்.

வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனிகள் மொட்டை மாடிக்கு மட்டும் வந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்லி, கோட்டிங் அடித்து, வாரன்டித் தாள் கொடுப்பவர்கள். எங்கள் மாடி 850 சதுர அடி. சதுர அடிக்கு 95 ரூபாய் வீதம் 80,750, அதற்கு 18 சதவிகிதம் ஜிஎஸ்டி 14,535, ஆக 95,285 ரூபாய் என்று கொட்டேஷன் வந்தது. பில், வரி, ஆட்களுக்கு ஹெல்மெட், எல்லாம் முறையாகத்தான் இருந்தது. வந்த பையனும் பொறுமையாக விளக்கினார். ஆனால் நான் வாங்கிப் படித்த இரண்டு கம்பெனி வாரன்டியிலும், கோட்டிங் உரிந்தால் கோட்டிங்கைத் திரும்ப அடித்துத் தருவோம் என்றுதான் இருந்தது. கீழே கெட்டுப்போகும் பூச்சுக்கும் பெயிண்டுக்கும் அதில் இடமில்லை. தளத்தில் புதிதாக விரிசல் விட்டால் இல்லை. தளத்தில் யாராவது துளை போட்டால் இல்லை. முக்கியமாக, வாட்டத்தைச் சரிசெய்வது அவர்கள் வேலையில் இல்லை. வாட்டம் தப்பான மாடியில் கோட்டிங் அடித்தால் தண்ணீர் அதே மூலையில் கோட்டிங்குக்கு மேல் நிற்கும். வாட்டம் சரியாக இருந்து, தளத்தின் மேல் பரப்பு மட்டும் வயதாகிப் பொடிந்திருக்கும் வீட்டுக்கு இவர்களைக் கூப்பிடுவது நல்ல முடிவு. பெரிய அடுக்குமாடிகளில், சங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டிய இடத்தில், வேறு வழியும் இல்லை.

மிச்சம் இருப்பது லேபர் கான்ட்ராக்ட். வேலைக்கு மட்டும் மேஸ்திரியிடம் தொகை பேசிவிட்டு, பொருளை நாமே வாங்கிப் போடுவது. நான் இதைத்தான் தேர்ந்தெடுத்தேன். மேஸ்திரிக்கு சிமெண்டில் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை, ஏனென்றால் மூட்டை நம்முடையது. இங்கே காசு ஒழுகுவது வேறு இடத்தில்: பொருள் வீணாகும், வேலையை ஓட்டமாக முடிக்கப் பார்ப்பார்கள், நாம் கடைக்கும் வீட்டுக்கும் அலைய வேண்டும். கலக்கிய கெமிக்கல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாளியிலேயே இறுகிப்போனதை நானே பார்த்தேன். அந்த நஷ்டம் சில ஆயிரம். கலவையில் குறைந்த சிமெண்டின் நஷ்டம் மொத்த வேலையும். இதை எடைபோட்டுப் பார்த்தால் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

கணக்கைச் சொல்கிறேன், எங்கள் வீட்டுக் கணக்கு மட்டும்தான் இது. மாடி வாட்டம், கைப்பிடிச் சுவர் மூலை, கூரைக் கம்பி வேலை, அம்மா அறைப் பூச்சு, பெயிண்ட் எல்லாம் சேர்த்து முழு கான்ட்ராக்டர் கேட்டது 1,60,000. லேபர் கான்ட்ராக்டில் கூலி 68,000, நான் வாங்கிய பொருள் 61,400, இன்ஜினியருக்கு 6,000, ஆக 1,35,400. மிச்சம் 24,600 என்று தெரியும். என் அலைச்சலையும் இரண்டு வாரம் அரை நாள் லீவு போட்டதையும் சேர்த்தால் அந்த மிச்சம் பெரிதில்லை. பணத்துக்காக இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்தக் கலவை எந்தச் சுவருக்குள் போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

உப்பும் கம்பியும்

கம்பி வேலையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோர வீடுகளில் அதிகம் ஏமாற்றம் நடப்பது இதில்தான். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த ஊதலில்தான் கான்கிரீட் பாளம் பாளமாக விழுகிறது. கம்பிக்கு மேல் போதிய கனம் இல்லாததால்தான் உப்பும் ஈரமும் சீக்கிரம் உள்ளே போகின்றன. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456, அதன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், கடற்கரைச் சூழலில் திறந்திருக்கும் கான்கிரீட்டுக்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் மூடல் கேட்கிறது. எங்கள் பாத்ரூம் கூரையில் இன்ஜினியர் அளந்தது 12. அந்தக் காலத்தில் அப்படித்தான் போட்டார்கள்.

விழுந்த இடத்தில் அப்படியே சிமெண்டை அப்பிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே துரு தன் வேலையைத் தொடரும். இரண்டு வருடத்தில் இன்னும் பெரிய பாளமாக, யார் தலையிலாவது விழும். சரியான முறை மெதுவானது. டொப்பென்று கேட்கிற கான்கிரீட்டையெல்லாம் எடுத்து, கம்பியின் பின்பக்கம் விரல் நுழையும் வரைக்கும் கொத்த வேண்டும். கம்பி பிரஷ்ஷால் வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்க வேண்டும். கம்பி கால்வாசிக்கு மேல் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். பிறகு துத்தநாக பிரைமர், ஒட்டுவதற்கான பாண்டிங் கோட், அது காய்வதற்குள் பாலிமர் கலந்த கலவை. கொத்தத் தொடங்கும் முன்னால் கூரைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். எந்த கான்ட்ராக்டராக இருந்தாலும், "கம்பியை என்ன செய்வீங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். இந்த வரிசை வாயில் வராதவரிடம் கூரையைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் மேஸ்திரியைத் தேர்ந்தெடுத்தது இந்த ஒரு கேள்வியால் என்றே சொல்லலாம். அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, இத கொத்த ஆரம்பிச்சா நீங்க இப்ப பாக்குறத விட மூணு மடங்கு போகும். அப்ப பயந்துட்டு நிறுத்தச் சொல்லக் கூடாது. சம்மதம்னா சொல்லுங்க." கூடவே ஒன்று கேட்டார். "தண்ணி போர் தண்ணியா, மெட்ரோவா?" எங்கள் போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும். அதில் கலவை போட்டால் உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசுகிற மாதிரி. கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அதே ஐஎஸ் 456 சொல்கிறது. அவருக்கு அந்த எண் தெரியாது, விஷயம் தெரிந்திருந்தது. பொதுவாக எல்லா ஒப்பந்தத்திலும் தண்ணீரும் கரண்டும் வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் இருக்கும். அதனால் இதை யாரும் பேசுவதே இல்லை. கலவைக்கும் தண்ணீர் காட்டுவதற்கும் சேர்த்து மெட்ரோ வாட்டர் என்கிற சென்னைக் குடிநீர் வாரியத்தின் லாரித் தண்ணீரை இறக்கினோம்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அந்தச் சுவர்கள் ஈரத்தை உறிஞ்சி, திரும்ப வெளியே விட்டு, மூச்சுவிட்டுக்கொண்டிருப்பவை. அதன்மேல் சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயிண்டும் போட்டால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு செங்கல்லையே பொடியாக்கும். மரக்கட்டை கொடுத்த மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால், கட்டை முனைகள் சுவருக்குள் உளுத்துப்போவதும் இப்படித்தான். அந்த வீடுகளுக்கு மேலே சொன்ன நான்கு வழியும் பொருந்தாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கும்வரை காத்திருப்பது மேல்.

எப்போது, எப்படிப் பேசுவது

சென்னையில் வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் தொடங்கும். தண்ணீர் ஒழுகுவதைப் பார்த்த பிறகு ஆள் தேடுவது நம் எல்லோரின் வழக்கம். அப்போது மேஸ்திரியும் கிடைக்க மாட்டார், சுவரும் காயாது, ஈரச் சுவரில் எதை அடித்தாலும் ஒட்டாது. மழையில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: எங்கே ஒழுகுகிறது, எத்தனை மணி நேரம் மழைக்குப் பிறகு ஒழுகுகிறது என்று தேதி போட்டுப் படம் எடுத்து வைப்பது. இன்ஜினியருக்கு அதைவிட உதவியான தகவல் வேறு இல்லை. வேலையை மாசி, பங்குனியில் தொடங்க வேண்டும். சித்திரை வெயிலில் பூசுவதாக இருந்தால் வெயில் சாய்ந்த பிறகு பூசி, மறுநாளிலிருந்து சாக்கு நனைத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் மயிரிழை விரிசல் விடும். பூச்சு முடிந்து பெயிண்டுக்கு நான்கு வாரமாவது இடைவெளி. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இரண்டு பருவமழையும் உண்டு, வைகாசிக்குள் மாடியை முடித்துவிடுங்கள்.

ஆளைப் பற்றி விசாரிக்கும்போது போன மாதம் முடித்த வீட்டைக் காட்டினால் போய்ப் பார்ப்பதில் பயனில்லை. புதுப் பெயிண்ட் எல்லா வீட்டிலும் அழகாகத்தான் இருக்கும். மூன்று மழை பார்த்த வேலை ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் மேஸ்திரி கொட்டிவாக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த வீட்டம்மா, "ஒரு இடத்துல திரும்ப வந்துச்சு, கூப்பிட்டதும் வந்து பாத்தாரு" என்றார். ஒரு குறையும் இல்லை என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நம்பிக்கை வந்திருக்காது.

பேசியதை ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். 68,000இல் அட்வான்ஸ் 13,600. கொத்தி முடித்துக் கம்பி வேலை முடிந்ததும் 27,200. மாடியும் பூச்சும் முடிந்ததும் 20,400. மிச்சம் 6,800 டிசம்பர் கடைசியில், மழை முடிந்த பிறகு. எல்லாம் வங்கி வழியாக. ரொக்கம் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வதாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் தகராறு வந்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியிருந்தால், பணம் கொடுத்ததற்குச் சான்று வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். 2019இல் எங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

கடைசித் தவணையைப் பற்றிப் பேசியபோது மேஸ்திரி கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நிறுத்தி வெச்சுக்கங்க. ஆனா நான் முடிச்சிட்டுப் போன மாடியில வேற யாரும் துளை போடக் கூடாது. அதையும் எழுதுங்க" என்றார். நியாயம்தான் என்று அதையும் எழுதினோம். அட்வான்ஸை மட்டும் கூட்டிக் கேட்கிறவரிடமும், கடைசித் தவணையே வேண்டாம், முழுசும் இப்பவே கொடுங்கள் என்பவரிடமும் நான் கொடுக்க மாட்டேன். அதே சமயம், 10 சதவிகிதத்துக்கு மேல் நிறுத்திவைப்பதும் சரியில்லை. அவர் சித்தாளுக்கும் கொத்தனாருக்கும் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

நவம்பரில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. அம்மா அறைச் சுவர் காய்ந்தே இருந்தது. ஆனால் மாடி ஹாலில், கூரை ஓரத்தில், ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு ஈரம். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. போன் செய்தேன். மறுநாள் மழை விட்ட நேரத்தில் மேஸ்திரி தனியாக வந்தார். கீழே பார்க்காமல் நேராக மாடிக்குப் போனார். கைப்பிடிச் சுவருக்கு அடியில், ஆவணியில் ஏசி மாற்ற வந்த மெக்கானிக் வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்ட் வைக்கத் தளத்தில் நாலு போல்ட் அடித்திருந்தார். நான் அன்று வீட்டில் இல்லை. எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவர் அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மழை நிக்கட்டும், கழட்டி அடைச்சிடலாம். ஸ்டாண்ட சுவத்துல மாட்டச் சொல்லுங்கம்மா" என்றார்.

கார்த்திகை கடைசியில் வந்து அடைத்துக் கொடுத்தார். அன்றைக்கே 6,800ஐ அனுப்பினேன், அந்த நாள் கூலியும் சேர்த்து. டிசம்பர் முடிய இன்னும் பதினைந்து நாளுக்கு மேல் இருந்தது.